விட்டுவைக்க வேண்டிய காய்

நம் கல்லூரியின் பொன்விழா மலருக்குக் கட்டுரை ஒன்று எழுதித் தருக என மலர்க்குழுவினர் எம்மைக் கேட்டபோது, தமிழாசிரியராகிய நாம் சங்க இலக்கியம் பற்றியோ, சமய குரவர் பற்றியோ எழுதுவோம் என்றே அவர்கள் எதிர்பார்த்திருத்தல் கூடும். அத்தகைய பொருள்களில் எம்மினும் வல்லார் பலர் இம்மலரில் எழுதியிருப்பர். நாமோ, நம் கல்லூரி விடுதியின் பின்தாழ்வாரத்திலே நான்கு செங்கற்களின்மேல் வீற்றிருந்த ஒரு பழைய கரம் பலகையைப் பற்றி எழுதத் துணிந்தோம். "படிக்கிற வயதிற் கரம் அடித்துக் கெட்ட பிள்ளை" என்று எம்மைப் பற்றி அக்காலத்திற் சொன்னோர் உளர். அவர் சொன்னது முழுதும் பொய்யன்று. ஆயினும் அப்பலகையிலே நாம் கெடுத்த ஒரு காய், பிற்காலத்தில் எமக்கு ஆசானாக வந்து வாய்த்தது. அக்கதையைச் சொல்லுதற்கு இம்மலரினும் ஏற்ற இடம் பிறிதொன்றில்லை.

புத்தளம் மாவட்டத்துக் கரையோரத்திற் பிறந்தோர்க்குக் கரம் விளையாட்டை அறிமுகஞ் செய்ய வேண்டுவதில்லை. சிலாபத்திலிருந்து உடப்பு, முந்தல் வழியாகக் கற்பிட்டி வரை கடலை நம்பி வாழும் ஊர்கள் பல. தென்மேற் பருவக்காற்று எழுந்துவிட்டாற் கடல் கொந்தளிக்கும். கரைவலை இழுப்போர்க்கு வேலை குறையும். ஒரு சாரார் வாடி அமைத்துத் தொழில் செய்யக் கீழைக்கரைக்குப் போய்விடுவர். ஊரில் எஞ்சியிருப்போர், வலை பொத்திய நேரம் போக மிச்சப் பொழுதுக்குக் கரம் பலகையைத் தேடுவர். சனசமூக நிலையத்தில் ஒன்று, தேநீர்க் கடைத் திண்ணையில் ஒன்று, தென்னந்தோப்பின் நிழலில் ஒன்று எனப் பலகைகள் முளைக்கும். உப்புக் காற்றிலே பலகை ஈரம் கோத்துக் கனத்துவிடும், பவுடர் கட்டிபட்டுப்போகும். பலகையைக் கருவாட்டோடு சேர்த்து வெயிலிற் காயவைத்து எடுத்த பின்பே ஆட்டம் தொடங்கும். அவ்வாறு காய்ந்த பலகையிற் காய் ஓடும் ஓசையைக் கேட்டு வளர்ந்த செவி எம் செவி.

இவ்விளையாட்டை அறியாத அன்பர் சிலரும் இதனைப் படிக்கக்கூடும் ஆதலின், அதன் அமைதியைச் சுருங்கச் சொல்லிவிடுவோம். ஆடுகளம் 74 சென்ரிமீற்றர் பக்கமுள்ள சதுரப் பலகை. நான்கு மூலைகளிலும் நான்கு குழிகள். வெள்ளைக் காய் 9, கருங்காய் 9, நடுவிலே சிவப்புக் காய் ஒன்று. 15 கிராமுக்கு மேற்படாத ஸ்ட்ரைக்கர் என்னும் வட்டினை விரலாற் சுண்டி, தம் நிறத்துக் காய்களைக் குழியில் விழுத்த வேண்டும். காய் விழும்வரை முறை அவருடையதே, விழாவிடின் அடுத்தவருக்கு. ஸ்ட்ரைக்கரே குழியில் வீழ்ந்துவிட்டால், முன்னர் எடுத்த காயொன்றைத் தண்டமாகப் பலகைக்குத் திருப்பிக் கொடுத்தல் வேண்டும்.

இத்தனையும் கைவன்மையைப் பற்றிய விதிகள். ஆட்டத்தை அறிவின் பாற்படுத்துவது சிவப்புக் காய் பற்றிய விதியே. சிவப்பை விழுத்தியவர் அதே அடியிலோ அதற்கடுத்த அடியிலோ தம் காயொன்றையும் விழுத்திக் காட்ட வேண்டும். அதனைச் சிவப்புக்குத் துணை போடுதல் என்க. துணை கிட்டாவிடின் சிவப்பு மீண்டும் நடுவிடத்துக்கு வந்துவிடும். சிவப்பு பலகையிலே நிற்கத் தம் கடைசிக் காயை விழுத்தியவர் அந்தப் பலகையையே தோற்பார். ஆகவே, ஒருவர் தம் காய்களை எல்லாம் விரைந்து விழுத்திவிடுதல் மட்டும் வெற்றியாகாது. எதனை எப்போது விழுத்துவது, எதனை எதுவரை விட்டுவைப்பது என்று அறிதலே வெற்றி. புதிதாக ஆடுவோன், "எந்தக் காய் விழும்?" என்று பலகையைப் பார்ப்பான். தேர்ந்தவனோ, "இக்காய் விழுந்த பின் பலகையில் என்ன நிற்கும்? விழாவிட்டால் எதிரிக்கு என்ன கிடைக்கும்?" என்று பார்ப்பான். இவ்விரு பார்வைக்கும் இடையேயுள்ள தூரத்தை நடந்து கடக்க எமக்கு இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேற் சென்றன.

விடுதியில் எம்முடன் ஆடிய இணையாளர் ஒருவர் இருந்தார். அவரும் கரையோரத்துப் பிள்ளை. அவர் தந்தையார் கரைவலைச் சம்மாட்டி. நண்பர் அதிகம் பேசார். ஆடும்போது அறவே பேசார். நாம் அடித்த காய் பலகையைச் சுற்றிவந்து விழும். அவர் அடித்த காய் விழவேண்டிய தூரத்துக்கு மேல் அரை அங்குலமும் ஓடாது. பார்ப்போர் எம் அடிக்குக் கைதட்டுவர். அவர் அடிக்கு எவரும் கைதட்டுவதில்லை. ஆனால் அவர் ஆடி எழுந்த பின்னர் எதிரணியினர் தலையைச் சொறிந்துகொண்டு நெடுநேரம் பலகையைப் பார்த்திருப்பர். அதன் பொருள் அன்று எமக்கு விளங்கவில்லை.

1997ஆம் ஆண்டிலே அயற்கல்லூரி ஒன்றின் அணியோடு எமக்கு இரட்டையர் இறுதியாட்டம் வந்தது. வென்றவர் பெயர் கல்லூரி மண்டபத்திலுள்ள மரப்பலகையிற் பொன்னிற எழுத்திற் பொறிக்கப்படும் என்று சொல்லியிருந்தனர். எமக்கு அது ஓர் ஆசை. நண்பருக்கோ அதனினும் மேற்பட்டது. தந்தையாருக்கு மூச்சுநோய் முற்றியிருந்தது. அந்தத் தவணையோடு படிப்பை நிறுத்தி, வலையைப் பொறுப்பேற்க ஊருக்கு வருமாறு வீட்டிலிருந்து சொல்லி அனுப்பியிருந்தனர். இச்செய்தியை அவர் எம்மிடம் மட்டுமே சொல்லியிருந்தார். பரீட்சைப் பெறுபேற்றினாலோ பட்டத்தினாலோ அவர் பெயர் இக்கல்லூரிச் சுவரில் ஏற இனி வழியில்லை. ஒரே வழி அந்தக் கரம் பலகை.

மூன்றாவது ஆட்டம், எட்டாவது பலகை, அதுவே கடைசி. புள்ளி எமக்கு 20, எதிரணிக்கு 18. முறை எம்முடையது. பலகையில் எங்கள் வெள்ளைக் காய் இரண்டு, எதிரணியின் கருங்காய் மூன்று, சிவப்பு ஒன்று. காய்கள் நின்ற நிலை இன்றும் கண்ணை மூடினால் எமக்குத் தோன்றும். எங்கள் வெள்ளைகளுள் ஒன்று வலப்பக்கத்துத் தொலைக்குழியின் வாயிலே, ஊதினால் விழும் நிலையில் நின்றது. மற்றது, கருங்காய் இரண்டுக்கும் அவை விழவேண்டிய குழிக்கும் நடுவே காவற்காரன்போல் நின்றது. சிவப்பு எமக்கு இடப்புறத்திற் சட்டத்தை ஒட்டிக் கிடந்தது. அதனை நேரே விழுத்தல் ஆகாது. எதிர்ச்சட்டத்தில் ஸ்ட்ரைக்கரை மோதவிட்டு, அது மீண்டு வரும் வழியில் சிவப்பைத் தொட்டு எங்கள் பக்கத்துக் குழிக்குள் அனுப்ப வேண்டும். அரிய அடிதான், ஆயினும் அது எம் கைக்குப் பழகிய அடி.

ஓர் அடிக்கு 15 விநாடி என்பது விதி. எமக்கு மூன்று விநாடியும் தேவைப்படவில்லை. குழி வாயில் நின்ற வெள்ளையைத் தட்டி விழுத்தினோம். கைதட்டல் எழுந்தது. அந்த ஊக்கத்தோடு எதிர்ச்சட்டத்தை நோக்கி ஸ்ட்ரைக்கரைச் சுண்டினோம். அது மோதி மீண்டு வந்து சிவப்பைத் தொட்டது. சிவப்பு உருண்டதோ நடந்ததோ என்னும்படி மெல்லச் சென்று குழியில் வீழ்ந்தது. மண்டபம் அதிர்ந்தது. அப்போது நாம் நிமிர்ந்து நண்பர் முகத்தைப் பார்த்தோம். அவர் எம்மைப் பார்க்கவில்லை, பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன் பின்னரே நாமும் பலகையைப் பார்த்தோம். சிவப்புக்குத் துணை போட எம்மிடம் இருந்தது ஒரே ஒரு வெள்ளை. கருங்காய்களுக்குக் காவல் நின்ற அந்த வெள்ளை. எளிய காயைச் செலவழித்துவிட்டோம். எஞ்சிய காயை விழுத்தவும் முடியாது; அடிக்காது விடவும் முடியாது. வேறு வழியின்றி வலிந்து அடித்தோம். வெள்ளை விலகி ஓடிற்று; விழவில்லை. காவல் நீங்கிய கருங்காய்களுக்குக் குழி திறந்துவிட்டது. சிவப்பு நடுவிடத்துக்கு மீண்டது. எதிரணியின் அடுத்த ஆட்டக்காரர் அவசரமே படாது சிவப்பை எடுத்தார். அதற்குத் துணையும் போட்டார். மிகுந்த இரண்டையும் அதே முறையில் முடித்தார். எங்கள் வெள்ளை ஒன்றுக்கு 1, சிவப்புக்கு 3. ஆக 22 புள்ளி பெற்று அவர்கள் வென்றனர்.

அன்றிரவு விடுதியில் விளக்கணைத்த பின்னர், பக்கத்துக் கட்டிலிலிருந்து நண்பர் மெல்லக் கேட்டார்:

"மச்சான், அந்த வெள்ளை குழி வாயிலேதானே நின்றது? அது எங்கே ஓடிப்போகப் போகுது? அதை ஏன் முதலில் எடுத்தாய்?"

கோபம் அக்குரலில் இல்லை. உண்மையாகவே அறிய விரும்பிக் கேட்டார். எம்மிடம் மறுமொழி இல்லை. அவர் தாமே தொடர்ந்தார். சிவப்பை முதலில் முயன்றிருந்தால், விழுந்தவுடன் குழி வாய்க் காய் துணையாகக் காத்திருக்கும். சிவப்பு விழாமற் போயிருந்தாலும் நட்டமில்லை. எதிரணியின் கருங்காய் இரண்டும் எங்கள் காவலுக்குப் பின்னால் அடைபட்டே கிடக்கும். குழி வாய்க் காயை அவர்கள் தட்டி விலக்க எண்ணினாலும், அதற்கு அவர்களுக்கு ஓர் அடி செலவாகும். இவ்வளவையும் அவர் இருட்டிலே, பலகை கண்முன் இருப்பதுபோற் சொன்னார். பின்பு, "அப்பா வலை வளைக்கிறதும் இப்படித்தான். மீன் தெரிகிறதே என்று வளைத்துவிட மாட்டார். நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறது, வளைத்த வலை கரைக்கு வந்து சேருமா என்று பார்த்துத்தான் தோணியை விடச் சொல்லுவார். விட்ட வலையைக் கூப்பிட ஏலாது மச்சான்," என்று சொல்லி மறுபுறம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அடுத்த தவணை அவர் கட்டில் வெறுமையாயிருந்தது. மண்டபத்து மரப்பலகையில் அவர் பெயர் இல்லை. அதற்குக் காரணர் நாமே. இதனை இதுவரை எவ்விடத்தும் எழுத்தில் வைத்திலோம்.

பின்னர் நாம் ஆசிரிய கலாசாலையிற் சேர்ந்து பயிற்சி பெறுங் காலத்திலே, திருக்குறளின் பொருட்பாலைப் பாடமாகப் படிக்க நேர்ந்தது. தெரிந்து செயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என 47 முதல் 50 வரையுள்ள நான்கு அதிகாரங்கள் அடுத்தடுத்து வருகின்றன. விரிவுரையாளர் அவற்றை அரசர்க்கும் போர்க்கும் பொருத்தி விளக்கினார். நாமோ ஏட்டிற் குறிப்பெழுதும் பாவனையில், ஒரு சதுரமும் நான்கு குழியும் வரைந்துகொண்டிருந்தோம். ஒரு செயலிலே வரும் ஆக்கத்தை மட்டுமன்றி அதனால் அழிவதையும் எண்ணுக என்பது முதலதிகாரத்தின் கருத்து. எளிய காயை எடுத்தபோது வந்த ஒரு காயை எண்ணினோம்; போன துணையை எண்ணினோம் அல்லேம். தன் வலியோடு மாற்றான் வலியையும், துணையாவார் வலியையும் சீர்தூக்குக என்பது அடுத்தது. எம் விரலின் வலியை நன்கறிந்திருந்தோம். எதிரே வாய் திறவாதிருந்த இணையாளரின் வலியை அறிந்திலோம். காலமறிதலிற் கொக்கு உவமையாக வருகின்றது. முந்தல் களப்பின் சேற்றிலே ஒற்றைக் காலில் நிற்கும் கொக்கினை நாளும் கண்டு வளர்ந்த எமக்கு, அதன் பொறுமை அசைவின்மையன்று, தேர்வு என்பது அன்றுதான் விளங்கிற்று. இடனறிதலில் நீரினுள்ளே வெல்லும் முதலை நீரை விட்டு வெளியே வந்தாற் பிறவற்றால் வெல்லப்படும் என்று சொல்லப்படுகின்றது. சிவப்புக் காயும் அவ்வாறே. சட்டத்தை ஒட்டிக் கிடந்தவரை அது எவருக்கும் எட்டாதது. நாமே அதனை எடுத்து நடுவிடத்துக்கு அனுப்பி, எதிரிக்கு எளிதாக்கிக் கொடுத்தோம்.

இது கரம் பலகைக்கு மட்டும் உரிய நுட்பமன்று என்பதைப் பின்னாளில் அறிந்தோம். கனடாவில் வாழும் நம் பழைய மாணவர் ஒருவர் விடுமுறையில் வந்திருந்தபோது, அமெரிக்காவில் ஆடப்படும் 'ஒற்றைக் குழி' என்னும் ஒரு வகைப் பூல் விளையாட்டைப் பற்றிச் சொன்னார். மேசையில் ஆறு குழிகள் இருந்தும், ஆடுவோர் இருவரும் ஒரு முனையிலுள்ள இரண்டு குழிகளில் ஆளுக்கொன்றைத் தமதாக்கிக்கொள்வர். 15 பந்துகளில் எட்டினை முதலில் தம் குழியில் வீழ்த்தியவர் வென்றவர். பிழை செய்தால், நம் கரத்திற் போலவே, எடுத்த பந்தொன்றைத் திருப்பி மேசையில் வைக்க வேண்டும். அவ்வாட்டத்தில் வல்லவர் பந்தை விழுத்துவதினும், எதிராளிக்கு நல்ல அடி ஒன்றும் இல்லாதவாறு வெள்ளைப் பந்தை நிறுத்துவதிலேயே பெரிதும் கருத்தூன்றுவராம். தாம் அடிக்கும் பந்து விழாதபோதும் எதிராளி திணற வேண்டும். அதுவே சரியான அடி என்றார். கேட்டுக்கொண்டிருந்த எமக்கு, விடுதித் தாழ்வாரத்தில் அரை அங்குலமும் மிகாது காயை நகர்த்திய நண்பரின் விரல் நினைவுக்கு வந்தது.

மேசைப் பந்தாட்டத்திலும் நம் நாடு பின்னிற்கவில்லை. 1973ஆம் ஆண்டு பம்பாயில் நடந்த உலக அமெச்சூர் பில்லியட்ஸ் போட்டியில் வென்று, இலங்கைக்கு உலகப் பட்டம் கொணர்ந்தவர் எம். ஜே. எம். லாபீர். கரத்திலோ, 1988இல் சென்னையிலே அனைத்துலகக் கரம் சம்மேளனம் தோன்றிய பின், தமிழகத்து மரிய இருதயம் இருமுறை உலகப் பட்டம் பெற்றார். 2008இல் சென்னை இளவழகி பெண்கள் பட்டத்தை வென்றார். 2012இல் கொழும்பில் நடந்த உலகப் போட்டியிலே நம் நாட்டு நிஷாந்த பெர்னாண்டோ ஆண்கள் பட்டத்தை வென்றார். 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கிண்ணப் போட்டியில், சென்னையைச் சேர்ந்த காசிமா மூன்று தங்கப் பதக்கங்களைப் பெற்றார். அவர் தந்தையார் ஆட்டோ ஓட்டுநர். திண்ணையிற் பொழுது போக்கும் ஆட்டம் என்று இதனை இகழ்வோர் இப்பெயர்களை மனங்கொள்வாராக.

இனி, இக்கட்டுரையை எழுதத் தூண்டிய செய்திக்கு வருவோம். ஆசிரியப் பயிற்சிக்குப் பின் பல ஆண்டுகளாக நாம் இக்கரையோரத்துப் பாடசாலைகளிலேயே தமிழ் கற்பித்து வருகின்றோம். சில ஆண்டுகளின் முன், பாடசாலை ஒன்றிலே 11ஆந் தரத்துக்கு வகுப்பாசிரியராக இருந்தோம். அங்கும் ஒரு கரம் பலகை இருந்தது. அவ்வகுப்பிலே ஒரு மாணவன், அடிப்பதைக் கண்டவுடனே எமக்கு அடையாளம் தெரிந்தது. விழவேண்டிய தூரத்துக்கு மேல் அவன் காய் ஓடாது. எம் நண்பரின் மகன் அவன். கரத்தில் அவனை வெல்வார் இல்லை. தமிழ்க் கட்டுரையிலோ ஐந்து வரிக்கு மேல் அவன் எழுதியதில்லை.

க. பொ. த. சாதாரண தரப் பரீட்சைக்கு நான்கு மாதங்கள் இருந்தன. மாலை வகுப்புக்கு மாணவர் பிந்தி வந்தனர். காரணம் கேட்டால் கரம். ஒரு நாள் மாலை நாம் பலகையைத் தூக்கிக் களஞ்சிய அறையில் வைத்துப் பூட்டித் திறப்பைச் சட்டைப்பையில் இட்டுக்கொண்டோம். அன்று காலை அதே வகுப்பிற்குத் தெரிந்து செயல்வகையைப் படிப்பித்திருந்தோம் என்பதை வெட்கத்தோடு சொல்ல வேண்டியிருக்கின்றது. முதல் வாரம் வகுப்பு அமைதியாக இருந்தது. அதனை எம் வெற்றி என்று எண்ணினோம். இரண்டாம் வாரம் பின்வரிசை மேசைகள் வெறுமையாயின. மூன்றாம் வாரம் நண்பரின் மகன் பாடசாலைக்கே வரவில்லை. கரைவலையிற் கயிறு பிடிக்கின்றான் என்று கேள்விப்பட்டோம். தகப்பனை அழைத்துவரச் சொல்லி ஆளனுப்பினோம்.

நண்பர் வந்தார். நெற்றியில் நீறு, தோளிற் துண்டு, உள்ளங்கை இரண்டும் வடக்கயிறு உராய்ந்து காய்த்திருந்தன. அலுவலகத்திற் பிறர் இருந்தமையால் எம்மைச் "சேர்" என்றே விளித்தார். "பையன் சொல்லுக் கேட்கிறான் இல்லை சேர். நானும் சொல்லிப் பார்த்தேன்," என்றார். ஆனால் வாயில்வரை நாம் கூட நடந்தபோது, அக்கம்பக்கம் பார்த்துவிட்டுப் பழைய குரலிற் கேட்டார்:

"மச்சான், போட்டைப் பூட்டி வைத்துவிட்டாயாம்?"

"பரீட்சை வருகிறதே, வேறென்ன செய்வது?" என்றோம்.

"குழி வாயில் நின்ற காயைத்தானே மறுபடியும் முதலில் எடுத்திருக்கிறாய்."

நாம் நின்றுவிட்டோம். அவர் சொன்னார்: "அவன் பள்ளிக்கூடம் வந்ததே அந்தப் போட்டுக்காகத்தான். அது உன் கையில் இருந்தது. எப்போது வேண்டுமென்றாலும் எடுத்திருக்கலாம். அதை எடுத்து முடித்துவிட்டாய். இனி எதைக் காட்டி அவனை வகுப்புக்குக் கூப்பிடுவாய்?" சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, "எனக்குத்தான் பெயர் ஏறவில்லை. அவனுக்காவது ஏறட்டும்," என்றார். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக அவர் அதனை ஒரு தரமும் எம்மிடம் சொன்னதில்லை. அன்றும் குற்றமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் இட்டுக்கொண்டு கடற்கரைப் பக்கம் நடந்தார்.

அன்று மாலை நாம் கடற்கரைக்குச் சென்றோம். வலையின் இரு முனைக் கயிற்றையும் இரு கூட்டத்தார் பற்றி, அம்பா பாடி இழுத்துக்கொண்டிருந்தனர். அவ்வரிசையிலே அவன் நின்றான். நாமும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கயிற்றைப் பிடித்தோம். வலை கரை சேரும்வரை பள்ளிப் பேச்சே எடுத்திலோம். மடியை அவிழ்த்தபோது, சட்டைப்பையிலிருந்த திறப்பை எடுத்து அவன் கையிற் கொடுத்து, "நாளை முதல் போட்டுக்குப் பொறுப்பு நீ," என்றோம்.

விதியொன்று மட்டும் வைத்தோம். ஒவ்வொரு பலகையும் முடிந்த பின், ஆடியவர் ஒவ்வொருவரும் ஒரு குறிப்பேட்டிலே ஐந்து வரி எழுத வேண்டும்: தாம் அடித்த அடி எது, அடிக்காது விட்ட அடி எது, ஏன் என்பதே பொருள். அதை எழுதிய பின்பே மறுபலகை. முதல் வாரம் "நல்லா அடிச்சேன்" என்பது போன்ற வரிகளே வந்தன. போகப்போக, "ஏனெனில்" வந்தது; "ஆயினும்" வந்தது; "அவ்வாறு செய்திருந்தால்" வந்தது. இச்சொற்களை நாம் கரும்பலகையில் எழுதிக் கற்பித்து இரண்டு ஆண்டாகியும் வாராதவை, கரம் பலகையின் ஓரத்திலே தாமாக வந்தன. சொல்லுவதற்குக் காரணம் ஒன்று அகப்பட்டுவிட்டால், அதற்கேற்ற சொல் தானே வந்து நிற்கும் என்பதை, பயிற்றப்பட்ட ஆசிரியராகிய நாம் மாணவரிடமே கற்றோம்.

அவ்வகுப்பார் அனைவரும் சிறப்புச் சித்தி எய்தினர் என்று எழுதி முடிக்க எமக்கும் ஆசைதான். ஆனால் அது பொய்யாகும். நண்பரின் மகன் தமிழிற் சித்தியடைந்தான், கணிதத்திலே தவறினான். மறுமுறை எழுதித் தேறினான். இப்போது படகு எஞ்சின் திருத்தும் தொழிற்பயிற்சி பெற்று வருகின்றான். வேலையில்லாத நாளிலே தகப்பனாருக்குத் துணையாக வலைக்கும் போகின்றான். அவன் பெயர் எந்தச் சுவரிலும் இன்னும் ஏறவில்லை. ஏறும் என்று நம்புகின்றோம்.

ஆசிரியராகவுள்ள நம் பழைய மாணவர்க்கும், இனி ஆசிரியராக வரவிருக்கும் இளையோர்க்கும் நாம் சொல்லக்கூடியது இதுவே. நம் கையிலே எளிதாக விழும் காய் ஒன்று எப்போதும் இருக்கும். தண்டனை, பூட்டு, பெயர் வெட்டுதல் என்று அதற்குப் பல பெயர். அது விழும் என்பதில் ஐயமில்லை. விழுத்தினாற் பார்த்திருப்போர் கைதட்டவும் செய்வர். அதனாலேயே அதனை முதலில் எடுத்துவிடுதல் ஆகாது. அரிய காயை முயலும்போது நமக்குத் துணையாக நிற்க வேண்டியது அது. பதறாத காரியம் சிதறாது என்பர் நம் முன்னோர்.

அக்குறிப்பேடு இன்றும் எம்மிடம் உளது. அதன் கடைசிப் பக்கத்திலே, பரீட்சைக்கு முந்திய கிழமை அவன் எழுதியதை, எழுத்துப் பிழை இரண்டை மட்டும் திருத்தி, இங்கே தருகின்றோம்:

"இன்று நான் சிவப்பை அடிக்கவில்லை. அடித்திருந்தால் விழுந்திருக்கும். ஆனால் துணைக்கு நல்ல காய் இருக்கவில்லை. ஆகையால் என் காய் ஒன்றைக் குழிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டு முறையை விட்டேன். பார்த்தவர்கள் சிரித்தார்கள். அடுத்த முறை இரண்டையும் எடுத்தேன்."

ஐந்து வரி போதும் என்றிருந்தோம்; ஆறு எழுதியிருந்தான்.

நம்மை ஆளாக்கிய கல்லூரி நீடூழி வாழ்க!